இங்கிலீஷ் பிறந்தநாள்

ஸ்பூனின் முதுகால் அட்டையின் மடிப்பை அழுத்தித் தேய்த்துவிட்டு, ஃப்ளோரா அதை மேஜைமேல் நிறுத்திப் பார்ப்பாள். நின்றால் கார்டு. சாய்ந்துவிட்டால் அது மளிகைச் சாமான் எழுதப் போய்விடும். "நிக்கத் தெரியாதது இன்னா கார்டு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு இன்னொரு அட்டையை எடுத்து வெட்டுவாள்.

நேரம் எப்போதும் மதியம்தான். சாப்பாட்டு மேஜையில் மீன் குழம்பு வாசம் போக எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் துடைத்து, அது காயும்வரை காத்திருந்து, பிறகுதான் தாளை விரிப்பாள். தண்ணீருக்கு ஒரு பழைய ஜாம் பாட்டில். கோடு போட ஒரு பேனா. பிரஷ் துடைக்கக் கணவர் லாய்டின் கிழிந்த பனியன். வண்ணங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற அதே வாட்டர்கலர் டப்பா. வீடு சாந்தோமில், கடலுக்குப் போகிற சந்து ஒன்றில், இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்றில் தாள் நமுத்துப்போகும். மூடினால் வியர்வை சொட்டிப் படத்தில் விழும். திறப்பதா மூடுவதா என்று அவளுக்கும் ஜன்னலுக்கும் தினம் ஒரு வழக்கு.

ஐம்பதைத் தாண்டிவிட்டாள். மந்தைவெளியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறாள். வெறும் வயிற்றோடும், காப்பி குடிக்காத கோபத்தோடும் விடிகாலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பைத் தட்டி நரம்பைத் தேடும்போது, "மேலே பாருங்க சார், ஃபேன்ல எத்தினி றெக்கை கீதுன்னு எண்ணிச் சொல்லுங்க" என்பாள். ஓடுகிற ஃபேனில் றெக்கையை எப்படி எண்ணுவது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பாள். மயிலாப்பூர் மாமிகளில் சிலர், ஃப்ளோரா இருக்கிறாளா என்று போன் செய்து கேட்டுக்கொண்டுதான் பட்டினி இருப்பார்கள்.

அவள் கார்டுகளில் பூ இருக்காது. இதயம், பலூன், கேக் எதுவும் இருக்காது. யாருக்குக் கார்டோ அவரே அட்டையில் இருப்பார், அந்த வருஷம் அவர் செய்த ஏதோ ஒன்றைச் செய்தபடி. கீழ் வீட்டில் துணி தைக்கும் ஹாஜிரா பீக்கு ஒரு ரம்ஜானுக்குக் கிடைத்தது இது: மெஷினின் மிதிமேல் பூனை தூங்குகிறது, அதை எழுப்ப மனம் வராமல் ஹாஜிரா பீ சக்கரத்தைக் கையாலேயே சுற்றித் தைத்துக்கொண்டிருக்கிறாள். லாய்டுக்குக் கல்யாண நாளன்று வந்தது அவருடைய முதுகு மட்டும். ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு எதையோ தேடுகிற முதுகு. "முப்பது வருஷமா நான் நெறைய பாத்தது இதான்" என்றாள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு எழுதும் அந்த மனிதர் முதலில் முகம் சுருங்கினார். மறுநாள் அதை அலுவலக மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கார்டைக் கையில் கொடுத்த மறுகணம் திரும்பி நடந்துவிடுவாள். பிரிக்கும்போது எதிரே நிற்கமாட்டாள். "நல்லாருக்குன்னு சொல்ற வரைக்கும் நிக்கறதுக்கு நான் இன்னா பாயசமா குடுத்துக்கினு கீறேன்?" பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சான்ட்ரா, "மம்மி, போட்டோ எடுத்து இன்ஸ்டால போடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். கேட்டால் ஃப்ளோரா தரவும் மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒன்று வரைந்து தரச் சொன்னபோது, "கேட்டு வாங்கறதுக்குத்தான் கடை கீதே" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். போட்டோவைப் பார்த்து வரைவதும் கிடையாது. அதற்குப் போட்டோவையே கொடுத்துவிடலாமாம்.

சாவுக்கும் கார்டு கிடையாது. சாவு வீட்டுக்குப் போவாள். சமையலறைக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல் பாத்திரங்களைத் தேய்த்துப் போடுவாள். "அங்க வரையறதுக்கு ஒண்ணும் இல்லே. போயி கூட உக்காரணும், அவ்ளோதான்."

ஸ்ரீரஞ்சனியும் அவளும் கான்வென்டில் ஒரே பெஞ்சு. ரஞ்சனி இருப்பது சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில், அவர்களுடைய பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்ககத்தின் முதல் மாடியில். சின்னப் பெண்களுக்குப் பாட்டு சொல்லித் தருவாள். கணவர் கஸ்தூரிரங்கன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி வெகு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை, சாய்சரண்.

அவன் பிறந்த ஆஸ்பத்திரியில்தான் ஃப்ளோரா அப்போது வேலை பார்த்தாள். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். அந்த வேலை அவள் முறைக்கு வந்தது. "ஒலகத்துல அவன் மொத மொத கோச்சிக்கினது என்னாண்டதான்" என்று பெருமையாகச் சொல்வாள்.

ரஞ்சனி வீட்டில் பிறந்தநாளுக்கு நட்சத்திரம்தான் கணக்கு. ஆனி மாதம் அது வருகிற நாளில் எண்ணெய்க் குளியல், கபாலி கோவிலில் அர்ச்சனை, பால் பாயசம். ஜூன் மாதத் தேதி பள்ளிக்கூடச் சான்றிதழில் எழுதுவதற்கு மட்டும். முதல் வருஷமே ஃப்ளோரா பங்கு பிரித்துக்கொண்டாள்: "நட்சத்திரம் உங்களுது. தேதி என்னுது."

"எடுத்துக்கோயேன்டி" என்றாள் ரஞ்சனி. "இங்கிலீஷ் பொறந்தநாளை வெச்சுண்டு நாங்க என்ன பண்ணப்போறோம்?"

அதிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் அந்தத் தேதிக்கு ஒரு கார்டு போனது. முதல் கார்டில், கொலுப்படிக்குக் கீழே புரண்டுபோய்ச் செட்டியார் பொம்மையின் தலையை வாயில் போட்டுக்கொண்டிருக்கிற குழந்தை. பிறகு ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு ஸ்கூல் வேனுக்கு ஓடுகிற சரண். மிருதங்கம் கற்றுக்கொள் என்று உட்கார்த்திவைத்தால், அதன்மேலேயே தலைவைத்துத் தூங்குகிற சரண். மேலுதட்டில் நாலு முடி முளைத்த வருஷம், கார்டு முழுக்க அந்த மீசைதான். அவன் தலை ஓரத்தில் சின்னதாக இருந்தது. அதற்காக ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு வந்து, "ஃப்ளோ ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் அடர்த்தியா போட்டிருக்கலாம்" என்றான்.

கடைசியாகப் போன கார்டில், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, பறக்கும் ரயிலில் கம்பியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறான். பெருங்குடி ஸ்டேஷன் பலகை பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. இறங்க வேண்டியவன் இறங்கவில்லை. உண்மையிலேயே ஒருநாள் அப்படித் தூங்கிப்போய் வேளச்சேரிவரை போனவன் அவன்.

ஆகஸ்டில் பைக் வாங்கினான். நவம்பரில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சாயங்காலம், ஆபீசிலிருந்து கிளம்பினான். ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருந்தது. வண்டி சாய்ந்தபோது பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வர வேண்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நெற்றியில் கட்டு. அதற்குக் கீழே முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் மூடியிருந்தது. பெட்டியின் கண்ணாடி மூடியில் பனி படர்ந்தால் முகம் மறையும். யாராவது துண்டால் துடைத்தால் திரும்பத் தெரியும். சமையலறைக்குப் போகாமல், பாத்திரம் தேய்க்காமல், ஃப்ளோரா அன்று தலைமாட்டிலேயே நின்றாள். அவனை இனிப் பார்க்க முடியாது என்பதால் ஒரு கணமும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அது தவறு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் யாருக்கும் கார்டு வரையவில்லை. மாதா கோவிலில் உடன் பாடுகிறவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறாள், விடு என்றார்கள். வாட்டர்கலர் டப்பா அலமாரியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போனது. ரம்ஜான் அன்று ஹாஜிரா பீ பாயசக் கிண்ணத்தோடு மாடியேறி வந்தபோது, எப்போதும் கதவு திறந்ததும் கார்டோடு நீளுகிற ஃப்ளோராவின் கை நீளவில்லை.

"கார்டு இல்லே, ஹாஜிராம்மா" என்றாள் ஃப்ளோரா. "தப்பா நெனச்சிக்காத."

"கார்டு கெடக்குது வுடு. மொதல்ல நீ சாப்டு. இன்னா இது, எலும்பு தெரியுது உனுக்கு." கிண்ணத்தை அவள் கையில் திணித்துவிட்டு, ஹாஜிரா பீ அங்கேயே நின்று அவள் ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் இறங்கினாள்.

வாரம் ஒருமுறை வேலை முடிந்ததும் ஃப்ளோரா ரஞ்சனி வீட்டுக்குப் போவாள். பாட்டுக்கு வந்த பெண்களை ரஞ்சனி நிறுத்திவிட்டிருந்தாள். கஸ்தூரிரங்கன் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறேன் என்று போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ரஞ்சனி காஸ் சிலிண்டர் வராததைப் பற்றிப் பேசுவாள். மாடிக்காரர்கள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறப்பதைப் பற்றிப் பேசுவாள். அவன் பெயரை அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாததால் ஃப்ளோராவும் சொல்லவில்லை. வந்து போகிற யாருமே சொல்லவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

ஜூன் பிறந்ததும் ஃப்ளோராவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அரிசி மூட்டையை நகர்த்தி டப்பாவை வெளியே எடுத்தாள்.

லாய்ட் பார்த்துவிட்டார். "யாருக்கு?"

"உங்குளுக்குத் தெரியும்."

"வேணாம் ஃப்ளோரா." அவர் குரலை உயர்த்துகிற ஆளில்லை. எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "இப்பதான் அந்தப் பொண்ணு எழுந்து நடமாடுது. புண்ணு ஆறுற நேரத்துல போயி குச்சியால குத்துவியா? பெத்த வயிறு அது. தாங்காது."

"நட்சத்திரத்துக்கு அவுங்க சாமி கும்புடுவாங்க. தேதிக்கு யாரு கீறாங்க? நானும் வுட்டுட்டா அந்த நாளுல அவன் பொறக்கவே இல்லேன்னு ஆயிடாது?"

"நீ மனசுல நெனச்சிக்கோ. கார்டா எடுத்துக்கினு போயி நீட்டணுமா?"

அவள் அட்டையை வெட்டினாள், மடித்தாள், ஸ்பூனால் தேய்த்தாள். நிறுத்திப் பார்த்தாள். நின்றது.

முதல் மதியம் தலைமுடியை வரைந்தாள். நெற்றிக்கு வந்து விழும் சுருள் சரியாக வந்தது. காது வந்தது. இடது பக்கம் சற்றே வளைந்த மூக்கு வந்தது. கண்ணுக்கு வந்தபோது பேனா மேல் இமையைப் போட்டது, கீழ் இமையைப் போட்டது, நடுவில் கருவிழிக்கு இடமே இல்லை. இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டிருந்தன. மூடிய கண்.

கை தவறிவிட்டது என்று நினைத்தாள். இன்னொரு அட்டை. இந்த முறை கண்ணிலிருந்தே ஆரம்பித்தாள். கருவிழியை முதலில் வட்டமாக வைத்தாள். அது யாருடைய கண்ணாகவோ இருந்தது. அதைச் சுற்றிச் சரணின் முகத்தைக் கட்டப் பார்த்தாள், முகம் வரவில்லை. இந்தக் கண்ணோடு அந்த முகம் சேர மறுத்தது. கண்ணை மூடி அவனை வரவழைக்கப் பார்த்தாள். கொலுவுக்கு அடியில் இருந்த குழந்தையை நினைத்தாள். மிருதங்கத்தின்மேல் தூங்கினவனை நினைத்தாள். மீசைக்காகக் கோபித்துக்கொண்டவனை நினைத்தாள். எல்லாம் வந்தன. ஒவ்வொன்றாக வந்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

தினமும் மதியம் உட்கார்ந்தாள். தினமும் கிழித்தாள். ஒருநாள் தன் வழக்கத்தையே விட்டு, போனில் அவன் போட்டோவை எடுத்து மேஜையில் சாய்த்துவைத்து, அதைப் பார்த்து அப்படியே வரைந்தாள். கண் திறந்திருந்தது. சிரிப்பு இருந்தது. முடித்துத் தள்ளிவைத்துப் பார்த்தாள். தெருமுனைச் சுவர்களில் ஒட்டியிருக்குமே, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதில் இருக்கிற படம் போல இருந்தது. அதையும் கிழித்தாள். இதைக் கிழிக்கும்போது மட்டும் கை கூசியது.

பரிசோதனை நிலையத்திலும் ஏதோ குறைந்துவிட்டது. எப்போதும் வருகிற ஒரு மாமி, "என்னம்மா இன்னிக்கு ஃபேனை எண்ணச் சொல்லலியே?" என்று கேட்ட பிறகுதான், பல நாளாக யாரையும் எண்ணச் சொல்லவில்லை என்று ஃப்ளோராவுக்குத் தோன்றியது. "இன்னிக்கு கரண்ட் இல்லே மாமி" என்றாள். ஃபேன் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது.

நட்சத்திர நாள் வந்து போயிற்று. ரஞ்சனியின் உறவுக்காரர்கள் நங்கநல்லூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் வந்திருந்ததாகக் கேள்விப்பட்டாள். அவள் போகவில்லை, அது அவர்களுடைய நாள். தேதிக்கு முந்தின மதியம் கடைசி அட்டையையும் கிழித்துப்போட்டுவிட்டு, துண்டுகளைப் பொறுக்கிக் கவரில் கட்டி, லாய்டிடம் நீட்டினாள்.

"போட்டுட்டு வாங்க. நீங்க சொன்னதுதான் சரி. அவுளுக்குத் தாங்காது."

அவர் கவரை வாங்கிக்கொண்டார். ஃப்ளோராவுக்குத்தான் தாங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் அவள் வேலை முடிந்து, மாடவீதியில் கொஞ்சம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, வெறும் கையோடு வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரஞ்சனி வீட்டு மாடியேறினாள். கஸ்தூரிரங்கன் கதவைத் திறந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே புதிது.

"வாம்மா ஃப்ளோரா. காலம்பறலேர்ந்து கேட்டுண்டே இருக்கா, நீ வந்தாச்சான்னு."

கூடத்தில் சாப்பாட்டு மேஜை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல், ஓரத்திலிருந்து ஓரம்வரை, கார்டுகள். கொலுப்படிக் குழந்தையில் தொடங்கி ரயிலில் கொட்டாவி விடுகிறவன்வரை எல்லாம் வரிசையாக நின்றன. ரயில் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு கார்டு அகலத்துக்கு இடம் விட்டிருந்தது.

ரஞ்சனி குளித்து, பின்னல் போட்டு, வெளிர்நீலத்தில் ஒரு நூல் புடவை கட்டியிருந்தாள். நவம்பருக்குப் பிறகு ஃப்ளோரா அவளை இப்படிப் பார்த்ததில்லை. அவள் கையை நீட்டினாள்.

"எங்கேடி?"

"இன்னாது?"

"விளையாடாதே. கார்டு."

ஃப்ளோரா சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்தாள். வைத்த பிறகும் குனிந்தபடியே இருந்தாள்.

"போடலடி."

நீட்டிய கை அப்படியே நின்றது. "போடலையா?"

"உனக்கு வலிக்குமேன்னுதான்..."

"இப்போ வலிக்கலையா எனக்கு?" கத்தவில்லை. வகுப்பில் சுருதி தவறின பெண்ணிடம் கேட்பதுபோல மெதுவாகத்தான் கேட்டாள். "நட்சத்திரத்தன்னிக்கு எல்லாரும் வந்தா. ஆளாளுக்கு அழுதா. காப்பியைக் குடிச்சுட்டுப் போனா. ஒருத்தராவது அவன் பேரைச் சொல்லணுமே! நான் வாயைத் திறக்கலை. எனக்கு இன்னொரு நாள் பாக்கி இருக்கு, ஃப்ளோராவோட நாள், அன்னிக்கு அவ வருவா, பிள்ளையைக் கையில கொண்டுவந்து தருவான்னு இருந்தேன். நீயும் போடலையா?"

"ரஞ்சி..."

"கேட்டா நீ தரமாட்டே. தெரியும். நாப்பது வருஷமா தெரியும். கேக்கறேன்டி. கேட்டே கேக்கறேன். போட்டுக் குடு."

அவளே எழுந்து சரணின் அறைக்குள் போனாள். மேஜை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. போட்டோ அச்செடுக்கிற கெட்டியான தாள் ஒன்றும், அவனுடைய கறுப்பு ஜெல் பேனாவும் கொண்டுவந்து ஃப்ளோராவின் முன் வைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே யாரும் உட்கார்ந்து பார்க்க ஃப்ளோரா ஒருநாளும் வரைந்ததில்லை.

"என்னத்த வரையறது?" என்றாள் ஃப்ளோரா. "இந்த வருஷம் அவன் இன்னா பண்ணான், ரஞ்சி? பண்ணதைத்தானே நான் வரைவேன்."

ரஞ்சனி தாளை அவளுக்கு இன்னும் கிட்டே நகர்த்தினாள். "முகத்தைப் போடு. போறும்" என்றாள்.

ஃப்ளோரா பேனாவை எடுத்தாள். நெற்றிச் சுருள். காது. வளைந்த மூக்கு. ரஞ்சனி மேஜைமேல் கவிழ்ந்துகொண்டு, ஒவ்வொரு கோடு விழும்போதும் தலையை ஆட்டினாள். "ஆமாம்... ஆமாம்... அந்தத் தாடை, ஷேவ் பண்ணுடான்னா பண்ணமாட்டான், ஆமாம்." மாதக்கணக்கில் கேட்காத குரல் அது. கஸ்தூரிரங்கன் வாசற்கதவைச் சாத்த மறந்து அங்கேயே நின்றார். ஃப்ளோராவுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அவன் அம்மா எதிரே இருக்கிறாள், அவன் பேனா கையில் இருக்கிறது, வரிசையாக அத்தனை சரண்களும் கண்ணைத் திறந்துகொண்டு தன்னையே பார்க்கிறார்கள், இன்று வந்துவிடும். ரயில் கார்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பேனாவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

மேல் இமை. கீழ் இமை. இரண்டும் ஒட்டிக்கொண்டன.

மற்ற கண்ணுக்குப் போனாள். அதுவும் மூடிக்கொண்டது.

பேனாவைக் கீழே வைத்தாள். "எனக்கு இப்பிடித்தான் வருதுடி" என்றாள். "இந்த மாசம் பூரா இப்பிடித்தான் வருது. எத்தினி கிழிச்சேன் தெரியுமா? அந்தப் பெட்டியில பாத்தேன் பாரு, அதுக்கப்பறம் கண்ணைத் தொறக்கமாட்டேங்கறான். நான் இன்னா பண்ணட்டும்? என்னால அவன் கண்ணைத் தொறக்க முடியல, ரஞ்சி."

ரஞ்சனி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால் ஃப்ளோராவும் அழுதிருப்பாள். அழவில்லை. கட்டைவிரலை நீட்டி, மூடியிருந்த இமை ஒன்றை மெல்லத் தடவினாள்.

"சரணா" என்றாள். காலையில் பிள்ளையை எழுப்புகிற குரல் அது. கொஞ்சம் அவசரம், கொஞ்சம் செல்லம். "எழுந்திருடா. நாழியாறது. ஆபீசுக்குப் போகவேண்டாமா?"

வழவழப்பான தாளில் மை காய்ந்திருக்கவில்லை. அவள் விரலோடு அது கன்னத்துக்கு இழுபட்டது.

"எழுந்திருடா கண்ணா." இன்னும் அழுத்தித் தேய்த்தாள். இமையும் புருவமும் ஒன்றாகக் கலைந்து கறுப்பாயின. அடுத்த கண்ணுக்கு விரல் போனது.

"ரஞ்சி, போறும்மா" என்றார் கஸ்தூரிரங்கன், கதவருகிலிருந்து நகராமல்.

அவள் காதில் அது விழவில்லை. அவள் தேய்க்கத் தேய்க்கத் தாள் மேஜைமேல் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போனது. ஃப்ளோரா கையை நீட்டி, அது நழுவிவிடாதபடி அதன் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.